மாவிலையின் இரண்டு தோல்கள்

தம்பி,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பெண் வீட்டார் நம் ஈசூன் வீட்டைப் பார்க்க வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. நீ அதைக் கவனித்தாயா என்பதே எனக்குச் சந்தேகம்தான். ஒருவன் பேசாமல் இருந்தால் அவன் நிம்மதியாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிற ஆள் நீ. வருகிற வாரம் உனக்குக் கல்யாணம். உன் அம்மா எனக்குப் புது வேட்டியும் சட்டையும் வாங்கி அலமாரிக் கதவில் மாட்டிவைத்திருக்கிறாள். நான் வருவேனா என்று அவள் கேட்கவில்லை. அதை முடிவுசெய்யத்தான் இதை எழுதுகிறேன். செம்பவாங்கில் நீ குடிபோயிருக்கும் வீட்டுக்கு இங்கிருந்து ஒரே பேருந்து. ஆனால் நேரில் வந்தால் நீ "சாப்டீங்களாப்பா?" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அதோடு நம் பேச்சு முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் பொம்மை ஒன்று திரும்பி வரும். அதனால்தான் தாளும் தபால்தலையும்.

அந்த ஞாயிறு நடந்ததை உன் ஞாபகத்தில் நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. வைத்திருக்கிறாயா என்றும் தெரியாது. எனவே நடந்தபடி சொல்கிறேன். நம் இரண்டாம் மாடி நடைபாதையை உரசிக்கொண்டு நிற்கும் மாமரம் உனக்குத் தெரியும். உன் அறை ஜன்னலுக்கு நேராக ஒரு கிளை நீட்டியிருக்கிறது. அன்று காலையில் அந்தக் கிளையிலிருந்து இலை பறித்து, காம்பை மடித்துத் தைத்து, நூலில் கோத்து, வாசல் இரும்புக் கதவுக்கு மேலே நானே தோரணம் கட்டினேன். தேக்கா சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், லாரியில் எல்லை தாண்டி வருகிற இலை. அது எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. நீ பிறந்ததிலிருந்து பார்த்த மரத்தின் இலை உன் கல்யாணப் பேச்சுக்கு வாசலில் தொங்கட்டும் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதற்கு ஒரு மனிதன் எவ்வளவு அசடனாக இருக்க வேண்டும் என்பது மாலையில்தான் தெரிந்தது.

உன் வருங்கால மாமனாருக்கு மேடை அலங்காரம் தொழில். லிட்டில் இந்தியாவில் கடை, சொந்த வேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய கண் முதலில் வாசலில் கட்டியிருப்பதைத்தான் பார்க்கும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தோரணத்தில் ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன சம்பந்தி, இலையெல்லாம் சொறி புடிச்சிருக்கு?" என்றார். பல இலைகளின் மேல்பக்கத்தில் வெள்ளி நிறத்தில் கொப்புளம் போலத் தடம் இருந்தது உண்மை. நான் பார்த்துத்தான் கட்டினேன். அது சொறி அல்ல, நோயும் அல்ல, ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு இலைக்குள் குடியிருந்த இடம் என்று சொன்னேன். பெயரையும் சொன்னேன்: அக்ரோசெர்காப்ஸ். விலங்கியல் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியே தலை நரைத்தவன் வேறு எப்படிச் சொல்வான்? அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அடேங்கப்பா! இத்துனூண்டு பூச்சிக்கு இவ்ளோ நீளப் பேரா? எங்கப்பா எனக்கே வெறும் ராஜுன்னுதான் வச்சாரு!" அவருடன் வந்த எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் பொறுத்துக்கொள்வேன். சொந்த நகைச்சுவைக்குத் தாங்களே முதலில் சிரிப்பவர்களை ஆசிரியர் அறையில் வருடக்கணக்கில் பார்த்தவன். நீயும் சிரித்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சிரித்ததோடு நிறுத்தவும் இல்லை. "பூச்சி இலைய வாசல்ல கட்டுனா பாக்கறவங்க ஒரு மாதிரி நெனப்பாங்க, தம்பி," என்று அவர் உன்னிடம் சொன்னார். என்னிடம் இல்லை, உன்னிடம். ஆளை எடைபோடத் தெரிந்த வியாபாரி. நீ நாற்காலி போட்டு ஏறித் தோரணத்தை அவிழ்த்தாய். "அப்பா, விடுங்க லா. சின்ன மேட்டர்," என்றாய். அதைச் சுருட்டிச் சமையலறைக் குப்பைக்குழாயில் போட்டாய். அது கீழே போய் விழும் சத்தம் கேட்கும்வரை நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அவர் வேனிலிருந்து பிளாஸ்டிக் தோரணம் ஒன்றைக் கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டிவிட்டார். "லைஃப்டைம் கேரண்டி, சம்பந்தி. கழுவிக் கழுவிக் கட்டலாம்." அது இன்னமும் நம் வாசலில்தான் தொங்குகிறது. கல்யாணம் முடியும்வரை கழற்றக் கூடாது என்கிறாள் உன் அம்மா. வாரம் ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவுகிறாள். எந்தப் புழுவும் அதில் வாய் வைக்காது. அதுதான் அந்த இலையின் பெருமை என்றால், அது பெருமைப்பட்டுக்கொள்ளட்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆள்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது. நீ நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் நிவேதா என் பக்கத்தில் வந்து, "அங்கிள், உள்ள இப்பவும் அது இருக்கா?" என்றாள். ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். "ஐயோ, அசையுது!" என்று கத்தினாள். அவளுடைய அப்பா "கீழ போடும்மா, புடவ வீணாயிடும்" என்றார். அவள் போடவில்லை. உனக்கு இவ்வளவு நல்ல பெண் எப்படிக் கிடைத்தாள் என்பது என் அறிவுக்கு எட்டாத விஷயம். அவளும் சீக்கிரமே உன்னைக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதுதான் என் கவலை.

அந்தக் கேள்வியை நீயும் ஒருகாலத்தில் கேட்டவன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வாசலில் போட்டுவிட்டு, அந்தக் கிளையில் வெள்ளைத் தடம் விழுந்த இலையாகத் தேடுவாய். நடைபாதைச் சுவரில் உன்னை உட்காரவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இலையைச் சூரியனுக்கு எதிரே காட்டுவேன். இலைக்கு மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பச்சைச் சதை. தாய்ப்பூச்சி சீரகம் அளவுதான் இருக்கும், பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு. அது தளிர் இலையில் முட்டை வைக்கும். பொரித்து வரும் புழு நேராக இலைக்குள் நுழைந்துவிடும். முதலில் தாள் போலத் தட்டையாக இருக்கும். மெல்லக்கூடத் தெரியாது, சாறு மட்டும் குடிக்கும். வளர வளரப் பச்சையைத் தின்னும். தின்று தின்று மேல்தோல் எழும்பி வெள்ளிக் கொப்புளமாகும். ஆனால் இரண்டு தோலில் எதையும் கிழிக்காது. "அப்பா, அதுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டாய். முட்டாது, அதற்குப் பழகிவிடும் என்றேன். அன்று நான் பூச்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பேரினத்தில் எத்தனையோ சிற்றினங்கள் உண்டு. மாமரத்துக்கு ஒன்று, நாவல் மரத்துக்கு வேறொன்று. பெரும்பாலும் தன் மரத்தை விட்டு இன்னொரு மரத்துக்குப் போகாதவை. இதைத்தான் நான் பல்கலைக்கழகத்தில் ஆராய நினைத்தேன். என் பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இவ்வளவு சின்னதைப் பார்த்து உன் கண்ணை ஏன் கெடுத்துக்கொள்கிறாய்?" என்றார். எனக்குக் கிடைக்க வேண்டிய இடம், அவருடைய பெட்டியைக் கார்வரை தூக்கிச் சென்ற ஒருவனுக்குப் போனது. அவன் இன்று இறால் வளர்ப்பைப் பற்றி மாநாடுகளில் பேசுகிறான். இருவரையும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. வயதானால் மனம் பழுக்கும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று நான் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று "முடியாது சார், எனக்கு இதுதான் வேண்டும்" என்று சொன்னேன். தோற்றேன். ஆனாலும் சொன்னேன். என் வாழ்க்கையில் பெருமைப்பட ஒரு வாக்கியம் இருக்கிறது. உனக்கு?

நீ படிப்பைத் தேர்ந்தெடுத்த விதம் நினைவிருக்கிறதா? நான் உயிரியல் எடு என்றேன். "நீங்க சொன்னா சரிப்பா," என்றாய். நான் சந்தோஷப்பட்டு ஒரு நல்ல கைலென்ஸ் வாங்கி வந்தேன். அடுத்த அறைக்குப் போய் அம்மாவிடம், "நீங்க சொன்னா சரிம்மா," என்று கணக்கியலுக்கும் தலையாட்டியிருக்கிறாய். எனக்கு அது தெரிந்தது உன் வகுப்பு தொடங்கிய பிறகுதான். கேட்டதற்கு, "அம்மா ரொம்ப வற்புறுத்துனாங்கப்பா, உங்களுக்குத்தான் தெரியுமே," என்றாய். அம்மாவிடம் கேட்டேன். "நீங்க ரொம்ப வற்புறுத்தறீங்கன்னு எங்கிட்ட சொன்னான்," என்றாள். கணக்கியல் படித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பொய் சொன்னாய் என்றும் சொல்ல மாட்டேன். பொய் சொல்லவும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். என் தவறு என்று ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், பல வருடங்களாக உன்னை "எதிர்த்துப் பேசாத பிள்ளை" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதிர்த்துப் பேசாத பிள்ளை யாருக்காகவும் பேச மாட்டான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இனி அழைப்பிதழுக்கு வருகிறேன். அன்று பெண் வீட்டார் வேனில் ஏறிப் போன பிறகு நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "உன் கல்யாணக் கார்டில் என் பேரைப் போடாதே." சரி, சொன்னேன். கோபத்தில் சொன்னேன். இந்த ஊரில் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தை வேண்டுமானாலும் கேட்டுப் பார். கோபித்துக்கொண்ட மனிதனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் வந்து சாப்பிடக் கூப்பிடுவார். வேண்டாம் என்போம். இன்னொருவர் வந்து அக்கம்பக்கத்துக் கதை பேசுவார். கடைசியில் மகன் வந்து, "நீங்க என்ன வேணா சொல்லுங்கப்பா, பேரு போடாம இருக்க மாட்டேன்," என்று இரண்டு சத்தம் போடுவான். "என்னவோ பண்ணித் தொலை" என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அச்சடித்து வந்ததும் யாரும் பார்க்காதபோது எடுத்துப் படித்துப் பார்ப்போம். அவ்வளவுதான் விஷயம். நீ என்ன செய்தாய்? "ஓகேப்பா" என்றாய். போய், நான் சொன்னபடியே செய்துவிட்டாய். ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. அச்சகத்தில் இருப்பவர்கூட உன்னைவிட அதிகமாகத் தயங்கியிருப்பார்.

அந்தக் கார்டில் பெண்ணின் அப்பா பெயர் பட்டங்களோடு பெரிய எழுத்தில் இருக்கிறது. உன் பெயருக்கு மேலே உன் அம்மா பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. நம் வழக்கத்தில் அப்படி அச்சடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? போன சனிக்கிழமை தேக்காவுக்குப் போனேன். பஃபலோ ரோட்டில் நாம் வழக்கமாகப் பூ வாங்குகிற கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த நூலைக் கீழே போட்டுவிட்டார்.

"சார்! நீங்களா?"

"நான்தான். ஏன்?"

"இல்ல சார்... வந்து... உங்க வீட்டு கார்டு வந்துச்சு. பாத்தேன். அக்கா பேரு மட்டும் இருந்துச்சா..." தலையைச் சொறிந்தார். "நா என்னமோ நெனச்சிட்டேன் சார். எங்க வீட்லகூட சொன்னேன், பாவம், நல்ல மனுஷன், யாருக்குமே சொல்லலயேன்னு."

"எப்ப செத்தேனாம்?"

"ஐயோ, வாயக் கழுவுங்க சார்!" என்றவர், பிறகு சிரித்துவிட்டார். "நல்லா இருக்கீங்கல்ல? அது போதும் லா." மல்லிகை ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. உயிரோடு இருப்பதற்கு எனக்குக் கிடைத்த பரிசு. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டே, "நீங்கதானே வேணாம்னீங்க?" என்றாள். "அவன் கேக்கலையே," என்றேன். "அவன் உங்க பிள்ள. நீங்க சொன்னத கேட்டுக்கிட்டான். கேட்டாலும் குத்தம், கேக்கலன்னாலும் குத்தமா?" என்றாள். அவளுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. அவள் பெயர் அச்சில் இருக்கிறதே.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், எனவே ஒரு தகப்பன் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம் என்று எழுத ஆசை. ஆனால் நீ கேட்டுவிட்டுத் தலையாட்டுவாய், அதுதான் உன் வியாதி. என்றாவது ஒரு நாள் நிவேதா அறைக்குள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "நீங்க உங்க வேலையப் பாருங்க," என்பாள். நீ "ஓகே" என்று மடிக்கணினியைத் திறந்துவிடாதே. அவளுடைய அப்பா ஒரு பக்கம் இழுப்பார், உன் அம்மா ஒரு பக்கம் இழுப்பாள். இரண்டு பேருக்கும் "சரி" சொல்லி நடுவில் சொகுசாக இருந்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். கொஞ்ச காலம் இருக்கலாம். மேலே பார்த்தால் இலை முழுசாகத்தான் இருக்கும், கீழே பார்த்தாலும் முழுசாகத்தான் இருக்கும். நடுவில் பச்சை போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பச்சை உன்னுடையது மட்டும் அல்ல, அவளுடையதும்தான்.

புழுவிடம்கூட எனக்கு உன்னிடம் இருக்கும் அளவு இளக்காரம் கிடையாது. ஏனென்றால் அது கடைசிவரை உள்ளேயே இருந்துவிடுவதில்லை. உனக்கு நான் காட்டியிருக்கிறேன், நீ மறந்திருப்பாய். முழுதாக வளர்ந்ததும் அதுவரை வெளிறிக் கிடந்த உடம்பு சிவந்துபோகும். மிளகாய்ப்பழத் துணுக்கு போல இருக்கும். அப்புறம் மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கும். வெளியே எறும்பு உண்டு, குருவி உண்டு, நம் மாடி நடைபாதையைப் பெருக்குகிற துடைப்பம் உண்டு. எல்லாம் தெரிந்தா வருகிறது என்று கேட்காதே. வராவிட்டால் அது பூச்சியாகாது, அவ்வளவுதான். எழுத்தறிவில்லாத, மூளை என்று சொல்லத்தக்கது இல்லாத, சீரகம் அளவுள்ள ஜந்து. அது செய்கிறது.

எனவே என் முடிவைக் கேட்டுக்கொள். நானாக மண்டபத்துக்கு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, உன் மாமனாருடைய லைஃப்டைம் கேரண்டி இலைகளுக்குக் கீழே பாயசம் குடித்துவிட்டுப் போக மாட்டேன். அம்மாவை அனுப்பிக் கூப்பிடச் சொல்லாதே. அவளிடம் நான் வேண்டாம் என்பேன், அவள் போய்விடுவாள், அவளுக்கு அன்று ஆயிரம் வேலை. கார்டை மறுபடி அச்சடிக்கவும் சொல்லவில்லை. இந்த வீட்டு வாசலுக்கு நீ வர வேண்டும். நான் வரமாட்டேன் என்று சொல்வேன். நிச்சயமாகச் சொல்வேன், அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். அப்போது நீ, "நீங்க சொல்றத நா கேக்கப் போறதில்ல," என்று என் முகத்துக்கு நேராகச் சத்தம் போட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. அப்படிச் சொன்னால் வேட்டியைக் கட்டிக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் அது அலமாரிக் கதவிலேயே தொங்கட்டும், வாசலில் தொங்குவதற்குத் துணையாக.

உறைக்குள் ஓர் இலை வைத்திருக்கிறேன். உன் ஜன்னல் கிளையிலிருந்து இன்று காலை பறித்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். உள்ளே இருக்கிறதா, கிழித்துக்கொண்டு போய்விட்டதா என்று நான் பார்க்கவில்லை.

கடைசியில் "இப்படிக்கு" என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். என் பெயரைப் போடாதே என்று சொன்னவன் நான். நீ ஒரு தடவை மதித்த சொல்லை நானும் மதிக்கிறேன். கீழே தபால்பெட்டியில் இப்போதே போய்ப் போட்டுவிடப் போகிறேன், கையெழுத்து இல்லாமல், அனுப்பியவர் முகவரியும் இல்லாமல். மாவிலை வைத்த இந்த மொட்டைக் கடிதம் யாருடையது என்று நிவேதா கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிற பெண் இல்லை. அதற்கு உன் வாயால் நீயே பதில் சொல்.